கெட்டிக்காரப் பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தில் மாட்டிக்கொண்டோம்.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று நடத்தப்படும் இணையவழி வகுப்பு அது. ஆறாவது முதல் எட்டாவது வரை படிப்பவர்கள் சேரலாம். வாரம் இரண்டு நாள், இரவு ஏழு மணிக்கு நேரலை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் எங்கள் இரவுப் பாடசாலையின் ஒரே மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தோம், நானும் ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளையும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கத்தில் இருக்கிறது எங்கள் காலனி. அந்தப் பிள்ளையின் அப்பா சென்னையில் கட்டட வேலை பார்க்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர். ஒருநாள் ராத்திரி பாடசாலைத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒத்தப்படை எண்ணா கூட்டிக்கினே போனா எப்பவும் சதுரமாத்தான் வருது. ஒரு சதுரத்தச் சுத்தி ‘ட’ போட்ட மாதிரி கொட்டை வெச்சா அடுத்த சதுரம் வந்துடுது பாரு.” இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் வணிகவியல் படித்தவன். அவள் சொன்னது சரியா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் பெயர், அதற்குப் பக்கத்தில் ‘கடைசிப் பெயர்’. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. சாதிப் பட்டத்தைப் பெயரின் வாலிலிருந்து வெட்டியெறிந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு இனிஷியல்தான் உண்டு. அப்பா பெயரைப் போட்டோம். இரண்டாவது பக்கத்தில் பெற்றோரின் மின்னஞ்சல் கேட்டார்கள், என்னுடையதைக் கொடுத்தோம். மூன்றாவது பக்கத்தில் இதுவரை வென்ற போட்டிகள், ஒலிம்பியாட் பதக்கங்கள், முகாம்கள். புளியங்கொட்டையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டோம். நான்காவது பக்கம், வகுப்பாசிரியரின் பரிந்துரை. இந்தக் குழந்தையின் அசாதாரணத் திறமையை நீங்கள் முதலில் எப்போது கவனித்தீர்கள், இருநூறு சொற்களில் எழுதவும், பள்ளி முத்திரையுடன் கையொப்பமிடவும்.

மறுநாள் போய் ஆசிரியையைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். “நல்லா படிக்கும் தம்பி, இல்லன்னு சொல்லல. ஆனா அடக்கம் பத்தாது. பாடம் நடத்தறப்ப குறுக்க குறுக்கக் கேள்வி கேக்கும். இதெல்லாம் நீங்க ஏத்தி விட்டீங்கன்னா நாளைக்கு அதுக்குத்தான் கஷ்டம். அவங்க வீட்டுச் சூழ்நிலைக்கு நர்சிங் மாதிரி ஏதாவது பாத்து விடுங்க.” கையெழுத்து கிடைக்கவில்லை. கடைசித் தேதியும் போய்விட்டது.

இதே குறுக்குக் கேள்வியை ஊர்த்தெருவில் இருந்து வரும் ஒரு பையன் கேட்டால் அதற்குப் பெயர் ‘ஆர்வம்’. எங்கள் காலனிப் பெண் கேட்டால் அடக்கமின்மை. அந்த ஆசிரியை சாதி வெறியோடு அதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சாதி வேலை செய்ய வெறி எப்போதும் தேவைப்படுவதில்லை. யாரைப் பார்த்தால் மேதை மாதிரி தெரிகிறது, யாரைப் பார்த்தால் நர்ஸ் மாதிரி தெரிகிறது என்கிற பழக்கம் போதும்.

இணையம் வந்தால் சாதி போய்விடும் என்று நம் தோழர்களிலேயே பலர் நம்பினார்கள். நானும் கொஞ்சநாள் நம்பியவன்தான். திரையில் எல்லோரும் ஒரே அளவுக் கட்டம், முன் பெஞ்சு பின் பெஞ்சு கிடையாது, தண்ணீர்ப் பானை கிடையாது. பாடங்களுக்கும் பஞ்சமில்லை. ஐஐடிகளின் என்.பி.டி.இ.எல். 2003இல் தொடங்கியது. 2017இல் ஒன்றிய அரசின் ஸ்வயம் வந்தது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது. கான் அகாடமி காசு வாங்குவதில்லை. ஐஐடி மெட்ராஸ் 2020இல் ஜேஇஇ இல்லாமலேயே சேரக்கூடிய இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கணிதப் படிப்பு ஒன்றையும் 2022இல் இலவசமாக அறிவித்தது. இவற்றை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. என் பத்தாம் வகுப்புக் காலத்தில் இதில் ஒன்றாவது இருந்திருந்தால் நான் வணிகவியல் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

கருவி இல்லாமை உண்மையான தடைதான். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. அதன்பின் கைபேசி பரவிவிட்டது. எங்கள் காலனியிலும் போன் இல்லாத வீடு இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒன்று. அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பி வந்தால் முதலில் அண்ணன் கைக்குப் போகும். தங்கச்சிக்கு வந்து சேரும்போது சார்ஜும் டேட்டாவும் தீர்ந்திருக்கும். இரவு ஏழு மணி நேரலை என்று எழுதியவர்களுக்கு இந்த வீட்டின் கடிகாரம் தெரியாது. இருந்தாலும், போன் பிரச்சினையைக் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். நான்காவது பக்கத்தை அப்படித் தீர்க்க முடியாது.

கும்பகோணம் ராமானுஜன் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஏழைப் பையன், கையில் ஒரு புத்தகம், தானாகவே மேதையானான். அந்தப் புத்தகம் கார் என்பவர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களின் பட்டியல், விளக்கம் அதிகம் கிடையாது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ஒரு டியூஷன் வாத்தியாரின் கைங்கரியம் என்றும் சொல்லலாம். அந்தக் காலத்து இணையவழிப் படிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பாடம் இருக்கும், ஆசிரியர் இருக்கமாட்டார். பதினைந்து பதினாறு வயதில் அது ராமானுஜன் கைக்கு வந்தது. அதன்பின் நடந்ததைக் கதை சொல்பவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் கல்லூரித் தேர்வில் தோற்றார், உதவித்தொகையை இழந்தார். புத்தகம் மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1910இல் அவர் எங்கள் பக்கத்துத் திருக்கோவிலூருக்கு வந்தார், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. அங்கே துணை கலெக்டராக இருந்தவர் ராமஸ்வாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பையனைக் குமாஸ்தா ஆக்கிக் கெடுக்கக் கூடாது என்று சென்னையில் உள்ள தன் நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதக்காரர். ஹார்டிக்குக் கடிதம் போனது அதற்குப் பிறகு, 1913இல். ராமானுஜனின் திறமையை நான் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கவில்லை. வறுமையும் உண்மை. ஆனால் கலெக்டர் வீட்டுத் திண்ணை வரை ஏறிப்போய் நோட்டைக் காட்டுகிற உரிமை அந்த ஏழைக்கு இருந்தது. கதவைத் திறந்தவர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பையனாகப் பார்த்தார்கள்.

இன்னொரு பையன். ராமானுஜனுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனர்கள். மற்ற பிள்ளைகளோடு பழகினால் வீடு எங்கே, சாதி என்ன என்று தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் நோட்டை எடுத்துக்கொண்டு எந்தத் திண்ணைக்குப் போவான்?

இந்த ஒளிதல் மூளையை என்ன செய்யும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்வழித் தாள்களைக் கொடுத்து, வழி கண்டுபிடித்தால் காசு என்றார்கள். 321 பேர் உயர்த்திக்கொண்ட சாதிகளிலிருந்து, 321 பேர் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து. சாதியைச் சொல்லாமல் விட்டபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு முடித்தார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுத் தொடங்கியபோது தலித் பிள்ளைகளின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. அதே வயதுப் பிள்ளைகள், அதே மாதிரித் தாள். 2006இல் வெளிவந்த இந்த ஆய்வைத் ‘தகுதி, திறமை’ என்று பேசுபவர்களிடம் நாம் நிறையச் சொல்லிவிட்டோம். நம் வகுப்பறைகளைத் திட்டமிடும்போது எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

ஏனென்றால் இணைய வகுப்பும் சாதியை வாசிக்கிறது, சத்தமில்லாமல். எங்கள் பாடசாலைப் பையன் ஒருவனுக்குப் போன வருஷம் வேறொரு நேரலை வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் நாளே கேமராவைப் போடச் சொல்லி, ஊர், அப்பா வேலை, பிடித்த பயணம் எல்லாம் சொல்லச் சொன்னார்கள். ஒருவன் சிங்கப்பூர் என்றான். இன்னொருத்தி, அம்மா டாக்டர் என்றாள். இவன் பின்னால் தெரிந்தது தகரச் சுவர். தெருப் பெயரைச் சொன்னால் அதிலேயே காலனி இருக்கிறது. நெட்வொர்க் இல்லை என்று தட்டச்சு செய்துவிட்டு வெளியே வந்துவிட்டான். மூன்றாவது வாரம் போகவே இல்லை. அவன் ‘ஆர்வமின்மையால் விலகியவன்’ என்று எங்கோ ஒரு கணக்கில் ஏறியிருப்பான்.

இந்த இடத்தில் என் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை. “‘அசாதாரணத் திறமை’ என்பதே பார்ப்பனியக் கருத்து. ஒரு பிள்ளையைப் பொறுக்கியெடுத்துத் தூக்கிப் பிடிப்பது நம் வேலையா? எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான பள்ளி கேட்பதுதான் நம் வேலை” என்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சொல்லின் வரலாறு நாறுகிறது. அமெரிக்காவில் 1921இல் லூயிஸ் டெர்மன் மேதைக் குழந்தைகளைத் தேடி ஆய்வு தொடங்கினார். இனமேம்பாட்டுவாதி அவர். வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்று முதலில் ஆசிரியர்களைக் கேட்டார், பிறகு சோதனை வைத்தார். கிடைத்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள். சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பையன்கள், ஷாக்லியும் அல்வாரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். (அந்த ஷாக்லியே கடைசியில் கறுப்பினத்தவருக்கு அறிவு குறைவு என்று பேசித் திரிந்தார் என்பது வேறு கதை.) நம் ஊரில் இந்தச் சொல்லை இப்போது விற்கவும் செய்கிறார்கள். இரண்டு வருஷம் முன்பு எங்கள் காலனிக்கே ஒரு கம்பெனி ஆள் டேப்லெட்டோடு வந்து, பத்துக் கேள்வி கேட்டு, உங்க பையன் ஜீனியஸ் என்று சொல்லி மாதத் தவணையில் கையெழுத்து வாங்கிப் போனான். அந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் தோழர்களே, மறுபாதியில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஜூன் மாதம் கொடுத்த கணக்குப் புத்தகத்தை ஆகஸ்டில் முடித்துவிட்டு, மிச்ச எட்டு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று என் முன்னால் இருக்கிறது. சமமான பள்ளி வரும் வரை காத்திரு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேல்சாதி வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் காத்திருக்க விடுவார்களா? ‘மேதைமை என்பது புனைவு’ என்று நாம் கட்டுரை எழுதுகிறோம். அவர்கள் பிள்ளையை அபாகஸ், ஒலிம்பியாட், பல நூறு டாலர் அமெரிக்க இணைய வகுப்பு என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். நம் கட்டுரையால் நின்றுபோவது நம் பிள்ளை மட்டும்தான்.

அம்பேத்கருக்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்துப் புத்தகம் கொடுத்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அவருக்காகப் பேசி உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவர்தான். 1913இல் கொலம்பியாவுக்குப் போனது சாயாஜிராவின் பணத்தில். கேலுஸ்கர் அந்தப் பையனைத் தனியே கவனித்தது சமத்துவத்துக்கு எதிரானது என்று யாராவது சொல்வோமா? அந்தப் பூங்காவுக்கு ஒரு கேலுஸ்கர் வந்தார், வேறு எத்தனையோ பூங்காக்களுக்கு யாரும் வரவில்லை. அதுதான் அநீதி.

யாரோ ஒரு நல்லவர் கண்ணில் படுவதை நம்பியிருக்காமல் இருக்க வழி உண்டு. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். அதுவரை ஆசிரியரோ பெற்றோரோ சொன்ன பிள்ளைகளுக்கு மட்டுமே திறன் சோதனை. 2005இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு சோதனை வைத்தார்கள். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். சிறப்பு வகுப்புகளில் கறுப்பின, ஹிஸ்பானிய, ஏழைப் பிள்ளைகளின் பங்கு பெரிதாக உயர்ந்திருந்தது. அவர்கள் புதிதாகப் புத்திசாலி ஆகவில்லை. அதுவரை அவர்கள் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் இருந்தது. பிறகு பணமில்லை என்று அந்தச் சோதனையைச் சுருக்கினார்கள், பங்கும் பழையபடி விழுந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதாக இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு இல்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு 6,695 பிள்ளைகள் நம் மாநிலத்திலிருந்து தேர்வாகலாம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். இதற்காக எத்தனையோ அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ராத்திரி கண்விழித்து, தங்கள் சொந்த டேட்டாவில், தமிழில் யூடியூப் பாடங்கள் போடுகிறார்கள். ஏழைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான உண்மையான தமிழ் இணையவழிக் கல்வி என்று எதையாவது சொல்லலாம் என்றால் எனக்கு அதுதான் தெரிகிறது. அவர்களுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. ஆனால் தேர்வு முடிந்தால் கதை முடிந்தது. பணம் வங்கிக்கு வரும், பிள்ளையை அடுத்த இடத்துக்கு யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். தேறியவர்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை நேரடியாக இணைய வகுப்புகளில் சேர்க்க ஒரு பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை, கடைசிப் பெயரும் தேவையில்லை. பள்ளிக்கல்வித் துறை வைத்திருக்கும் எமிஸ் எண் போதும்.

அதற்கும் முன்னால், ஐந்தாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு சோதனை வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். தோற்றவன் என்று முத்திரை குத்தாத, வடிகட்டாத சோதனை. யாருக்கு இன்னும் வேண்டும் என்று தெரிந்துகொள்வது மட்டுமே அதன் வேலை. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அது சாயங்காலம் நாலே காலுக்குப் பூட்டப்படுகிறது. அதை எட்டு மணி வரை திறந்து, ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் போன் சண்டை பாதி தீரும். ஆள் முக்கியம். வாட்ஸ்அப்பில் ‘இலவச வகுப்பு, பயன்படுத்திக்கொள்ளவும்’ என்று லிங்க் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று தூங்கப் போகும் பழக்கம் நம் இயக்கக் குழுக்களிலும் இருக்கிறது. நானும் அனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பிய லிங்கில் ஒரு பிள்ளையும் சேரவில்லை.

இப்போது நாங்கள் செய்வது சின்ன வேலைதான். வெள்ளிக்கிழமை நான் திண்டிவனத்தில் வேலை முடிந்து வரும்போது பாடங்களைத் தரவிறக்கி பென்டிரைவில் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை பாடசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்டரில் ஓடவிடுகிறோம். யாரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை, வந்தவர்கள் உட்காரலாம். முதல் வாரம் இருபத்திமூன்று பேர் வந்தார்கள், இப்போது ஒன்பது பேர் நிற்கிறார்கள். அந்த ஒன்பதில் இரண்டு பேரைக் கணக்கு வராத பிள்ளைகள் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். விழுப்புரத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும் ஒரு தங்கச்சி போனில் ஸ்பீக்கர் போட்டுச் சேர்ந்துகொள்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஆங்கிலத்தைத் தமிழாக்கி, சண்டை போட்டு, மறுபடி ஓட்டுவோம். ஒரு மணி நேரப் பாடம் மூன்று வாரம் போகும். கேமரா கிடையாது.

போன வாரம் பகா எண்கள். மூன்றும் ஐந்தும், பதினொன்றும் பதிமூன்றும், பதினேழும் பத்தொன்பதும் என்று இரண்டு தள்ளி வரும் ஜோடிகளைப் பலகையில் எழுதினாள் அந்தப் பிள்ளை. “இது ஒரு எடத்துல நின்னுடுமாண்ணா, போய்க்கினே இருக்குமா?” போனில் இருந்த தங்கச்சி, யாருக்கும் இன்னும் தெரியாது என்றாள். உலகத்திலேயே யாருக்கும் தெரியாதா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அழைத்துப் போக வந்திருந்த அவள் அம்மா, “இன்னா தம்பி, தெரியாததயா சொல்லிக் குடுக்கறீங்க?” என்று சிரித்தார்.

அந்த விண்ணப்பம் ஜனவரியில் மறுபடி திறக்கிறது. நான்காவது பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அந்த ஆசிரியையையும் சனிக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றுதான் சொன்னார். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கணிதமோ இயற்பியலோ படிக்கும் தோழர்கள் இருந்தால், எங்களுக்குச் சனிக்கிழமை நேரில் வர ஒரு ஆள் தேவை. மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். கடைசி பஸ் எட்டேமுக்காலுக்கு.